சம்பந்தி டாக்டரும் ஒலிப்பதிவுக் கருவியும்

இந்த விவகாரம் தொடங்குமுன் ஊரில் எனக்கிருந்த இடம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன். பணிக்காலம் முழுவதிலும் என்மீது ஒரு மொட்டைக் கடிதம்கூட எழுதப்பட்டதில்லை. புதுச்சேரியில் நிலப் பதிவேடுகளோடு பழகிய ஓர் அதிகாரிக்கு இது சாதாரணச் செய்தியன்று. ஓய்வுக்குப் பிறகும் முத்தியால்பேட்டையில் பாகப்பிரிவினை என்றாலும், பொதுச்சுவர்த் தகராறு என்றாலும், பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை என்றாலும் என் வீட்டு அழைப்பு மணியைத்தான் அழுத்துவார்கள். "தாசில்தார் ஐயா சொல்லிட்டாரு" என்றால் எங்கள் தெருவில் அதற்கு மேல் பேச்சில்லை. மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, பாரிசுக்கு அருகே குடியேறிவிட்டான். மகளை உழவர்கரைப் பக்கம் ஒரு டாக்டர் வீட்டில் கொடுத்திருந்தேன்.

அந்த டாக்டர்தான் என் சம்பந்தி. கீழே மருத்துவமனை, மாடியில் வீடு. கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். மாலையானால் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்பதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

சம்பந்தியான பிறகு வேறு டாக்டரிடம் நான் போனதில்லை. போக முடியாது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஒரு டாக்டர் இருக்க, இன்னொரு டாக்டர் வீட்டுப் படியேறினால், அது சம்பந்தியின் பெயர்ப்பலகையை நாமே கழற்றிக் கீழே வைப்பது போலாகும். அந்தப் பலகைக்குக் கீழேதான் என் மகள் குடித்தனம் நடத்துகிறாள். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அங்கே நான் ஒருநாளும் நோயாளியாக இருந்ததும் இல்லை. நான் போனால் முன்கூடத்தில் உட்கார விடமாட்டார்கள். மாடிக்கு அழைத்துப்போய், சம்பந்தியம்மாள் ஊர் நலம் விசாரித்து, கூட்டம் குறைந்ததும் கீழேயிருந்து அழைப்பு வரும். அறைக்குள் போனால் பின்னாலேயே என் மகள் காபியோடு வருவாள். வந்த சம்பந்தியை வெறும் வாயோடு அனுப்புவது அந்த வீட்டில் வழக்கமில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஒரு கையில், காபி டம்ளர் மறு கையில். எத்தனையோ முறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

"சம்பந்தி, உங்க பிபி உங்கள மாரியே ரொம்ப ஸ்ட்ரிக்டு. கோடு தாண்ட மாட்டேங்குது" என்பார். மகள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுவேன்.

கைப்பேசி எல்லாச் சட்டைப்பைகளிலும் புகுந்துவிட்ட, ஆனால் கணினி எல்லா வீடுகளுக்கும் வந்துவிடாத காலம் அது. ஒருநாள் காலை சிறுநீரில் சிவப்பு கண்டேன். முந்தின நாள் மகள் கொடுத்தனுப்பிய பீட்ரூட் பொரியல் நினைவுக்கு வந்தது. பீட்ரூட்டை நிறுத்தினேன். சிவப்பும் நின்றது. நிம்மதியாக இருந்தேன். பிறகு பீட்ரூட் இல்லாமலே வந்தது. வலி கிடையாது. வரும், நிற்கும், சில நாட்கள் என்னை ஏமாற்றிவிட்டு மீண்டும் வரும். வலியாவது இருந்திருந்தால் முகத்தைப் பார்த்து யாராவது கேட்டிருப்பார்கள்.

இதை யாரிடம் சொல்வது? மகளின் மாமனாரிடம், மகள் காபி டம்ளரோடு நிற்கும்போது, சிறுநீரைப் பற்றியும் அதன் நிறத்தைப் பற்றியும் பேசுவது எங்கள் குடும்பங்களில் நடக்கக்கூடிய காரியமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவர் என் பாதம் தொட்டுப் பார்த்துக்கூட மருந்து கொடுத்ததில்லை. தொட்டால் சம்பந்தி காலைத் தொட்டதாக ஆகிவிடும் என்று நானே காலை உள்ளே இழுத்துக்கொண்டவன்.

அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை போனேன். காலையிலேயே, யாரும் கவனிக்காத நேரம் என்று எண்ணிப் புறநோயாளிகள் வாசல்வரை சென்றேன். எங்கள் அலுவலகத்தில் முன்பு பணியாற்றிய ஒருவர், மருந்துச் சீட்டும் கையுமாக எதிரே வந்தார்.

"ஐயா! நீங்க எங்க இங்க? உங்க சம்பந்தி டாக்டராச்சே, உங்களுக்கு இன்னா கொறச்சல்?"

"ஒருத்தரைப் பார்க்க வந்தேன்" என்றேன்.

"எந்த வார்டுன்னு சொல்லுங்கய்யா, நான் கூட்டிட்டுப் போறேன்."

எந்த வார்டு என்று சொல்வேன்? பிறகு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். அன்று மாலையே மகள் தொலைபேசியில், "ஆஸ்பத்திரில யாருப்பா படுத்திருக்காங்க? மாமா கேட்டாரு" என்றாள். நான் போய் வந்த செய்தி எனக்கு முன்னால் உழவர்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. புதுச்சேரி அவ்வளவு சிறிய ஊர்.

பிரான்சிலிருந்து மகன் ஞாயிறுதோறும் பேசுவான். உடம்பு எப்படி என்று கேட்பான். திருப்தி என்பேன். டாக்டர் என்ன சொன்னார் என்பான். குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்பேன். அவனுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"அப்பா, நீங்க ஃபைல்ல நோட்டு போடுற மாதிரியே பேசுறீங்க. 'திருப்தி, மேல்நடவடிக்கை தேவையில்லை.' எனக்கு ஒண்ணுமே புரியல. அக்கா கிட்ட கேட்டா 'அப்பாவுக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்காரு'ங்குது. நான் ஒரு மிஷினு அனுப்புறேன். டாக்டர் மாமா பேசுறத அப்டியே ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. நான் கேட்டுக்கிறேன்."

"ஒருவர் பேசுவதைப் பதிவு செய்வது முறையல்ல."

"கேட்டுட்டுப் பண்ணுங்கப்பா. இங்க என் மாமியாருக்கு காது மந்தம், அவங்க எப்பவும் டாக்டர் கிட்ட சொல்லிட்டு ரெக்கார்டு பண்ணிட்டு வந்து வூட்ல போட்டுக் கேப்பாங்க. டாக்டர் கோச்சுக்கிட்டதே இல்ல."

பிரான்சுக்காரர்கள் 'வக்கான்ஸ்' என்று சொல்லிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஊருக்கு வரும் கோடை விடுமுறையில், மருமகளின் உறவினர் ஒருவர் அந்தக் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். தீப்பெட்டியைவிடச் சற்று நீளம். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, பதிவாகும்.

எனக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை பிறந்தது என்பதை மறுக்கமாட்டேன். மேசைமேல் ஒரு கருவி பதிவு செய்துகொண்டிருந்தால் டாக்டர் டாக்டராக இருப்பார். வேடிக்கைப் பேச்சு குறையும். அந்தரங்கமான விஷயம் பதிவாகிறது என்று மகளும் வெளியே போய்விடுவாள். நாங்கள் இருவர் மட்டும் இருப்போம். கேள்வி வரும், பதில் சொல்லிவிடுவேன். அலுவலகத்தில் ஒரு விசாரணை எப்படி நடக்குமோ அப்படி நடக்கும் என்று எண்ணினேன்.

அடுத்த முறை போனபோது கருவியை எடுத்துக் காட்டி, முறைப்படி அனுமதி கேட்டேன்.

சம்பந்தி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அட, பிரான்சுலேர்ந்து தம்பி கேக்கப் போவுதா? இத முன்னாடியே சொல்லக் கூடாதா சம்பந்தி!" கதவைத் திறந்து மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் கீழ வாங்க! தம்பி கிட்ட பேசணுமாம்!"

எல்லோரும் வந்தார்கள். சம்பந்தியம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை பனியன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மகள் காபியோடு வந்தாள். அன்று தட்டில் முறுக்கும் இருந்தது. கருவியை டாக்டர் கையில் எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"தம்பி, எப்டி இருக்கீங்க? இங்க எல்லாரும் சௌக்கியம். உங்கப்பாரு பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. மூஞ்சிய உர்ருனு வச்சிக்கினு இருக்காரு, அது ஒங்களுக்குத் தெரிஞ்சதுதான், அதுக்கு மாத்தர கெடையாது!"

"சும்மா இருங்க" என்றார் சம்பந்தியம்மாள், சிரித்துக்கொண்டே. பிறகு கருவியை நோக்கிக் குனிந்து, "தம்பி, குளிருல பத்திரம். கொழந்தைக்கு தலைக்கு எண்ண வைக்கச் சொல்லு" என்றார்.

"மச்சான், வரும்போது அந்த சென்ட்டு மறந்துடாத" என்றார் மாப்பிள்ளை.

"டேய், அப்பாவ எதுக்குடா இவ்ளோ பாடு படுத்துற?" என்றாள் மகள்.

இதற்கு நடுவில்தான் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார். ஒலிபரப்புகிறவர் போல நிறுத்தி நிறுத்திப் பேசினார். "இப்ப உங்கப்பாருக்கு பிபி பாக்குறேன். நார்மல். போன தடவ பாத்த சக்கரயும் நார்மல். தூக்கம்? சரியா இருக்குதாம். ஒண்ணுக்கு எப்டிப் போவுது சம்பந்தி, தாராளமா போவுதா? எரிச்சல், ரத்தம் கித்தம் எதுனா?"

கேள்வி வந்துவிட்டது. நான் எதிர்பார்த்திருந்த கேள்விதான். முறுக்குத் தட்டு என் மடிக்கு நேரே நீட்டப்பட்டிருந்தது. நான்கு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"இல்லை" என்றேன்.

"தெளிவா சொல்லுங்க, தம்பிக்குக் கேக்கணும்."

"அப்படி எதுவும் இல்லை."

"கேட்டீங்களா தம்பி? பிரமாதம்! நூறு வருஷம் ஆயுசு!" என்று பொத்தானை அழுத்தி நிறுத்தினார்.

பதிவைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். என் வீட்டில் கணினி இல்லை. எங்கள் தெருமுனையில் ஒரு பெண்மணி பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளும், வெளிநாட்டில் உறவுள்ளவர்களும் அங்கேதான் போவார்கள். கருவியை அவரிடம் கொடுத்து, இந்த முகவரிக்கு அனுப்பினால் போதும் என்றேன்.

"இருங்க சார், ஃபைலு சரியா ஏறிச்சான்னு பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே ஏதோ அழுத்தினார். இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் சம்பந்தியின் குரல் கடை முழுவதும் ஒலித்தது. "ஒண்ணுக்கு எப்டிப் போவுது சம்பந்தி, தாராளமா போவுதா?"

கணினிகளின் முன்னிருந்த தலைகள் அத்தனையும் திரும்பின. நிறுத்துங்கள் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அந்த அம்மாள் பதறிப்போய்த் தவறான இடத்தில் அழுத்த, ஒலி இன்னும் கூடியது.

"சாரி சார், சாரி சார். இது நம்ம உழவர்கர டாக்டரு வாய்சாச்சே?" என்றார் கடைசியில் நிறுத்திவிட்டு. "டாக்டருங்க பேசுறத ரெக்கார்டு பண்றீங்களா சார்? நல்ல ஐடியா சார். நாளிக்கு ஒண்ணு ஆச்சுன்னா கேஸுக்கு ஆவும்."

இல்லை என்று விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். விளக்க விளக்கச் செய்தி பெரிதாகும் என்பதை வருவாய்த் துறையில் கற்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் பேசினான். குரலில் அப்படியொரு நிம்மதி.

"கேட்டேம்பா. டாக்டர் மாமா சூப்பர். இங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் கிட்டயும் போட்டுக் காட்டி, என்னான்னு சொன்னேன். ரத்தம் போகலன்னா இந்த வயசுல கவலப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. நீங்களே தெளிவா சொல்லியிருக்கீங்களே, எதுவும் இல்லன்னு. நான்தான் வீணா பயந்துட்டேன்."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கிறேன்."

அதுவரை நான் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். சொல்லாததை என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். இப்போது இல்லை என்று சொன்னவனாகிவிட்டேன். அந்த 'இல்லை' உழவர்கரையில் நான்கு பேர் காதில் விழுந்து, கடல் கடந்துபோய், அங்கே ஒரு டாக்டரால் ஏற்றுக்கொள்ளப்பட்டு, எனக்கே திரும்பி வந்திருந்தது. இனி ஆமாம் என்றால் முதல் கேள்வி என் உடம்பைப் பற்றி இருக்காது. என் பேச்சைப் பற்றி இருக்கும். என் பேச்சுக்கு ஊரில் இருந்த மதிப்பை வைத்துத்தான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கருவியில் காதுக்குழல் மாட்டிப் பதிவை ஒருமுறை கேட்டேன். என் குரல் அவ்வளவு உறுதியாக இருந்தது. கேட்கும் எவரும் நம்புவார்கள். நானே ஒரு கணம் நம்பினேன்.

நாட்கள் போயின. இரத்தம் கட்டியாகவும் வரத் தொடங்கியது. வெளியூர்ப் பேருந்தில் ஏறுவதை நிறுத்தினேன். காலாப்பட்டில் ஒரு நண்பர் வீட்டுத் திருமணத்துக்குப் போகவில்லை. கால்வலி என்று சொல்லியனுப்பினேன். வெள்ளை வேட்டியைத் தவிர்த்துவிட்டு வீட்டில் அடர்நிற லுங்கிகளையே கட்டினேன். துணிகளை வேலைக்கார அம்மாளிடம் போடாமல் நானே துவைத்தேன். "ஏன் ஐயா, என் வெளுப்பு புடிக்கலியா?" என்று அந்த அம்மாள் முகம் சுளித்தார். உள்ளே ஒன்று வளர்கிறது என்பது எனக்குத் தெரியும். படித்தவனுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டே, கூடத்து நாற்காலியில், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. எந்தப் பாதையில் போனாலும் அது உழவர்கரை வழியாகத்தான் போயிற்று.

அப்படியிருக்கையில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வேண்டியிருந்தது. முன்பே ஒப்புக்கொண்டது. மறுக்கக் காரணம் சொல்ல முடியவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். தலைமையுரை ஆற்றினேன். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தேன். உட்கார்ந்த பிறகு உணர்ந்தேன், வேட்டி நனைந்திருந்தது. குனிந்து பார்த்தேன். மடிப்புக்குள் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது.

நன்றியுரை நடந்துகொண்டிருந்தது. அது முடிந்தால் நாட்டுப்பண். அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். மேடையின் நடுநாற்காலியில் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்தால் முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் தெரியும். நன்றியுரை ஆற்றிய ஆசிரியை இன்னும் இரண்டு பேர் பெயரை மறந்துவிட்டுப் பிறகு நினைவுகூரட்டும் என்று அன்று வேண்டிக்கொண்டேன். தோளில் இருந்த பொன்னாடையை மெல்ல இறக்கி இடுப்பில் சுற்றி, முனையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். என் கை விறைப்பாகப் பக்கவாட்டில் இல்லாமல் முன்னால் இருந்தது. பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு யாருடனும் தேநீர் அருந்தாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

மறுநாள் பிற்பகல். தெரு அடங்கியிருந்தது. கதவைச் சாத்தினேன். டாக்டரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். "டாக்டர், எனக்கு" என்பதோடு நின்றது. மறுபடி முயன்றேன். அதே இடத்தில் நின்றது. என் எதிரே காலி நாற்காலிதான் இருந்தது. ஆனாலும் அதில் சம்பந்தி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியவுடன் வாய் மூடிக்கொண்டது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி நேரில் பேசத் தடுமாறினால், தனியே உட்கார வைத்து வாக்குமூலமாகச் சொல்லச் சொல்வோம். அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. அந்த நடையில் சொல்லும்போது எவ்வளவு கூசும் விஷயமும் தன்னுடையதல்லாதது போல் வெளியே வந்துவிடும். கருவியை எடுத்தேன். சத்தம் சேராமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினேன். பொத்தானை அழுத்தினேன்.

"முத்தியால்பேட்டையில் வசிப்பவனும், வட்டாட்சியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவனுமாகிய நான், யாருடைய தூண்டுதலுமின்றித் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், கடந்த சில மாதங்களாக எனக்குச் சிறுநீரில் இரத்தம் போகிறது. வலி இல்லை. சில நாட்கள் நின்று மறுபடி வருகிறது. கட்டியாகவும் போயிருக்கிறது. முன்பு கேட்கப்பட்டபோது இல்லை என்று நான் கூறியது சரியன்று. கூறும்போது உடன் குடும்பத்தார் இருந்தனர்."

வியர்த்துக் கொட்டியது. ஆனால் முடித்திருந்தேன்.

இன்னொரு தடை இருந்தது. வழக்கம்போல் போனால் மாடி, காபி, மகள். ஆகவே அன்று மாலை மற்றவர்களைப் போலவே செருப்பை வாசலில் விட்டு, முன்கூடத்தில் டோக்கன் கொடுக்கும் அம்மாளிடம் போய், "ஒரு டோக்கன்" என்றேன்.

அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னா ஐயா, உங்களுக்குப் போயி டோக்கனா? மேல போங்க, சின்னம்மா இருக்காங்க."

"மேலே வேண்டாம். டோக்கன் கொடுங்கள்."

"டாக்டரு என்னத்தான் திட்டுவாரு ஐயா."

"திட்டமாட்டார். கொடுங்கள்."

வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒருபக்கம் இருமும் பெரியவர், மறுபக்கம் தட்டுவண்டி ஓட்டுபவர் ஒருவர், காலில் கட்டு. எதிரே இரண்டு பெண்கள். குரலைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

"இவரு டாக்டரு சம்பந்தி தானே? இங்க ஏன் குந்திக்கினு இருக்காரு?"

"எதுனா சண்டையா இருக்கும். மாடில காபி கட் ஆயிடுச்சு போல."

"பாவம் அந்தப் பொண்ணு."

தட்டுவண்டிக்காரர் என் பக்கம் சாய்ந்து, "நீங்க எத்தினியாவது நெம்பரு சாரு? அவசரம்னா எனக்கு முன்னாடி போங்க" என்றார். வேண்டாம் என்றேன். என் முறை வரும்வரை இருந்தேன். வாழ்நாளில் பிறரைத்தான் காத்திருக்க வைத்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் முதுகை எங்கே சாய்ப்பது என்றுகூடத் தெரியவில்லை.

உள்ளே போனதும் டாக்டர் தலை நிமிர்ந்தார். கையில் இருந்த டோக்கனைப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி இது? வூட்ல யாராவது எதுனா சொன்னாங்களா?"

"இல்லை டாக்டர். நோயாளியாக வந்திருக்கிறேன்."

"டோக்கன் எடுத்து வந்தவங்களுக்கு காபி கெடையாது, தெரியும்ல?" என்று சிரித்தார்.

"தெரியும். அதற்காகத்தான் எடுத்தேன்."

சிரிப்பு நின்றது. கதவைச் சாத்தினேன். கருவியை மேசைமேல் வைத்தேன். அவர் வழக்கம்போல் அதைக் கையில் எடுக்கப் போனார். "இன்று நீங்கள் பேச வேண்டாம், கேட்டால் போதும்" என்று பொத்தானை அழுத்திவிட்டு, எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வெளியே யாரோ ஒருவர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பின்னால் என் குரல், விசாரணைக் குரல், சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தது.

பின்னால் மேசை இழுப்பறையைத் திறந்து தாள் எடுக்கும் ஓசை கேட்டது.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றார்.

போட்டேன். இம்முறை எழுதிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு நான் கேட்டேனே, சம்பந்தி."

"கேட்டீர்கள்."

"பொண்ணு இருந்துச்சேன்னா?"

"நீங்களும் இருந்தீர்கள்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்பதை இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. "படுங்க" என்றார், கட்டிலைக் காட்டி. முதன்முறையாகக் கையுறை போட்டுக்கொண்டு என்னைப் பரிசோதித்தார். ஒரு வேடிக்கைப் பேச்சும் இல்லை. சம்பந்தி என்றும் அழைக்கவில்லை. மூச்சை இழுங்கள், விடுங்கள், இங்கே வலிக்கிறதா, இங்கே. பிறகு சிறுநீரக மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, நாளைக்கே போக வேண்டும் என்றார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்றேன். ஆகட்டும் என்றார்.

வெளியே வந்தபோது மகள் மாடிப்படியின் அடியில் நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஏம்பா, அவங்க இன்னா பண்ணாங்க உங்கள? பெஞ்சில போயி உக்காருற அளவுக்கு?"

"ஒன்றும் இல்லை அம்மா."

"ஒண்ணுமில்லன்னா மேல வந்திருப்பீங்க. நீங்க வந்திருக்கீங்கன்னு கேட்டதும் அத்த ஒங்களுக்குன்னு பஜ்ஜி போட்டு வச்சாங்க தெரியுமா? நீங்க வந்துட்டுப் போயிடுவீங்க. நான்தானே இந்த வூட்டுல இருக்கணும்."

அதற்கு என்னிடம் விடை இருந்தது. அதைச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இத்தனையும் செய்திருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தது. கீழ்வழியாகக் குழாய் செலுத்தி எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் பையையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் அந்த மருத்துவர். இன்றும் குறித்த காலத்தில் போய்ச் சோதித்துக்கொள்கிறேன். மருத்துவமனையில் படுத்திருந்தபோது மகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியும் தினமும் வந்து பார்த்தார். கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு, மருத்துவரிடம் பேசிவிட்டுப் போவார். பழைய கேலிப் பேச்சு அதன்பின் எங்களுக்குள் வரவில்லை. மாடிக்குப் போனால் காபி வருகிறது. அதை மாடியிலேயே குடித்துவிடுகிறேன். நோய் என்றால் இன்றும் டோக்கன் எடுக்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு அது இன்றளவும் பிடிக்கவில்லை.

இதற்குள் ஊரில் ஒரு கதை உருவாகிவிட்டது. பிரௌசிங் சென்டரில் கேட்ட டாக்டரின் குரல், பெஞ்சில் இருந்த பெண்களின் ஊகம், சாத்திய கதவுக்கு வெளியே டோக்கன் அம்மாள் காதில் விழுந்த இயந்திரப் பேச்சு, இவை மூன்றும் சேர்ந்தன. தாசில்தார் டாக்டரின் பேச்சை மாதக்கணக்காகச் சட்டைப்பையில் ஒளித்துவைத்துப் பதிவு செய்தாராம். டாக்டர் நோயைக் கண்டுபிடிக்காமல் விட்டதை அதில் பிடித்துக்கொண்டாராம். அவர் எதிரிலேயே போட்டுக் காட்டி, வழக்குத் தொடுப்பேன் என்று மிரட்டிக் கடிதம் வாங்கினாராம். என்னிடமே வந்து, "ஐயா, நல்லா மாட்டி வச்சீங்க" என்று கைகொடுத்தவர்களும் உண்டு. ஓய்வூதியர் சங்கத்தில் ஒருவர், தானும் அப்படியொரு கருவி வாங்க விரும்புவதாகவும் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார்.

ஆகவே இதைப் பதிவு செய்கிறேன். நான் யாரையும் மறைவாகப் பதிவு செய்யவில்லை. ஒரே ஒருமுறை டாக்டரின் பேச்சைப் பதிவு செய்தது அவர் அனுமதியோடு, அவர் கையிலேயே கருவி இருக்க. அவர் நோயைத் தவறவிடவில்லை; கேட்டார், நான் இல்லை என்றேன். வழக்கு என்ற சொல் எங்களுக்குள் எழவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அன்று நான் போட்டுக் காட்டிய பதிவில் டாக்டரின் குரல் ஒரு சொல்கூட இல்லை. அதில் இருந்தது என் குரல் மட்டுமே.